சிறையும் பிரசவமும்: இங்கிலாந்தின் கதை

தாய் குற்றவாளியாக இருக்கலாம். வயிற்றிலுள்ள சிசு எந்தக் குற்றமும் செய்யவில்லை. இங்கிலாந்தின் சட்டம் இதைப் பழங்காலத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட விதம்தான் விசித்திரமானது.

அன்று தூக்குத்தண்டனை பெற்ற பெண், தான் கர்ப்பிணி என்று முறையிடலாம். உடனே நீதிமன்றம் குடும்பப் பெண்கள் சிலரைக் குழுவாக அமைக்கும். அவர்கள் அவளைத் தனியே சோதித்து, சிசுவின் அசைவு தெரிகிறதா என்று சொல்வார்கள். தெரிந்தால் பிரசவம் வரை தூக்கு தள்ளிப்போகும். பிறகு மன்னிப்புப் பெற்றவர்களும் உண்டு. ஆனாலும் பாருங்கள், அந்தப் பெண்கள் வந்தது அவளைப் பராமரிக்க அல்ல, தூக்கைத் தள்ளிப்போடலாமா என்று சொல்ல! கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனையே கூடாது என்ற சட்டம் 1931-ல்தான் வந்தது.

பராமரிப்பு என்ற எண்ணத்தைச் சிறைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எலிசபெத் ஃப்ரை. பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய் இவர். 1813-ல் லண்டன் நியூகேட் சிறைக்குச் சென்றபோது, ஏறக்குறைய 300 பெண்கள் குழந்தைகளோடு அடைந்து கிடப்பதைக் கண்டார். குழந்தைகளுக்குத் துணியும், நோயாளிகள் படுக்க வைக்கோலும் கொண்டுபோய்க் கொடுத்தார். 1817-ல் பெண் கைதிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். பெண் கைதிகளைப் பெண்களே காவல் காக்க வேண்டும் என்று 1823-ல் சட்டம் வந்தது. 1840-ல் செவிலியர் பயிற்சிக்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

ஆனாலும் விலங்கு போகவில்லை. லண்டன் ஹாலோவே சிறையின் (இது 2016-ல் மூடப்பட்டது) கைதி ஒருத்தி, மருத்துவமனையில் பிரசவ வலியில் விலங்கோடு கிடந்த காட்சி 1996-ல் தொலைக்காட்சியில் வெளியானது. முதலில் அரசு அதை நியாயப்படுத்தியது. எதிர்ப்பு வலுத்த பிறகே விதி மாறியது. பிரசவத்தின்போது விலங்கு கூடவே கூடாது என்று ஐ.நா.வின் பாங்காக் விதிகளும் 2010-ல் சொல்லின.

விதிகள் வந்தால் போதுமா? 2019 செப்டம்பரில் லண்டனை அடுத்த பிரான்ஸ்ஃபீல்ட் சிறையில் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு இரவில் வலி வந்தது. அறையிலிருந்த மணியை அழுத்தி உதவி கேட்டாள். செவிலியர் யாரும் வரவில்லை. தனியாகவே பெற்றெடுத்தாள், தொப்புள்கொடியைப் பல்லால் கடித்தாள். காலையில்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. குழந்தை பிழைக்கவில்லை. சிறையில் நிகழும் எல்லாக் கர்ப்பங்களையும் ஆபத்து மிகுந்தவையாகவே கருத வேண்டும் என்று 2021-ல் வந்த விசாரணை அறிக்கை கூறியது. காரணம் எளிமையானது: பூட்டிய அறைக்குள் இருப்பவளால் உதவியைத் தேடிப் போக முடியாது.

வெளியே இருக்கும் கர்ப்பிணிக்கு வலி கண்டால் ஓடிவரத் தாயோ, பக்கத்து வீட்டுக்காரியோ இருப்பார்கள். கைதிக்கு ஒரு மணிதான் உண்டு. தூக்குமேடை போனது, விலங்கும் போனது. அந்த மணியின் ஓசைக்கு ஒரு செவிலியர் ஓடி வருகிறாரா என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.