பாதி நாணயம்

நல்லவன் ஒருவன் எந்த இடத்தில் கெட்டுப்போகிறான் என்ற கேள்வி, கதை எழுதுகிறவர்களை ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். ஒரேயடியாக யாரும் கெடுவதில்லை. தவணை முறையில்தான் கெடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பந்தயத்தின் கதையைப் படித்தபோது, அந்தத் தவணைகளை யாரோ கணக்குப் போட்டு வகுத்து வைத்தது போல எனக்குத் தோன்றியது.

1869 நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என்று ஜெயித்ததுதான் முதல் ஆட்டம் என்பார்கள். அன்று பந்தை உதைத்துத்தான் ஆடினார்கள். நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மறித்துத் தள்ளுவதும் பின்னால் வந்தவை.

ஆதியில் பந்தயம் எளிமையானது. யார் ஜெயிப்பார்கள்? அவ்வளவுதான். ஆனால் பலசாலிக் கோஷ்டி நோஞ்சான் கோஷ்டியோடு மோதினால், நோஞ்சான் பேரில் பணம் கட்ட யார் வருவார்கள்? 1940-களில் இதற்கு ஒரு வழி பரவியது. சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மக்நீல் என்ற முன்னாள் கணக்கு வாத்தியார்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதுண்டு. பலசாலி ஜெயித்தால் மட்டும் போதாது; குறிப்பிட்ட புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம் காட்டி ஜெயிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

இங்கேதான் முதல் தவணை. பணம் கொடுத்து ஒரு பையனைக் கெடுக்க வருகிறவன், "தோற்றுப்போ" என்று சொல்ல வேண்டியதில்லை. "ஜெயித்துக்கொள், தம்பி. கொஞ்சம் குறைவாக ஜெயி" என்றால் போதும். 1951-இல் வெடித்த கூடைப்பந்து ஊழலில் 7 கல்லூரிகளைச் சேர்ந்த 32 மாணவர்கள் சிக்கினார்கள். அன்று அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அரங்கமோ டிக்கெட் வாங்கி வந்தவர்களால் நிரம்பி வழியும். இதையும் நாம் மறக்கக்கூடாது.

கால்பந்தும் தப்பவில்லை. 1994-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர் ஒருவர் தம் கோஷ்டிக்கு எதிராகவே பணம் கட்டிவிட்டு, அயோவாவுடன் ஆடும்போது எல்லைக்கோட்டருகே வேண்டுமென்றே பந்தை நழுவ விட்டார். பிறகு அவரே அதை ஒப்புக்கொண்டார்.

அடுத்த தவணை, முற்பாதிப் பந்தயம். 60 நிமிஷ ஆட்டத்தில் முதல் 30 நிமிஷத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. முழு ஆட்டத்துக்கு 14 புள்ளி வித்தியாசம் என்றால் முற்பாதிக்குச் சரியாக 7 என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சற்று அதிகமாகவே வைப்பார்கள். முன்னணியில் இருக்கும் கோஷ்டி பிற்பாதியில் நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடும் அல்லவா? 100 டாலர் லாபத்துக்கு 110 டாலர் கட்ட வேண்டும் என்பது வழக்கமான விகிதம். அந்த வித்தியாசத்தில்தான் புக்கியின் வீட்டு அடுப்பு எரிகிறது.

நெவாடா போன்ற ஓரிரு இடங்கள் தவிர, விளையாட்டுப் பந்தயத்தை 1992-ஆம் வருஷச் சட்டம் கட்டி வைத்திருந்தது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. பல மாநிலங்கள் கதவைத் திறந்தன. 2026 ஜனவரியில் பிலடெல்பியாவில் மத்திய அரசு வக்கீல்கள் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி ஒரு வழக்குத் தொடுத்தார்கள். ஆட்டக்காரர்களை வேண்டுமென்றே சோடையாக ஆடச் செய்தார்கள், அதிலும் முற்பாதியில், என்பது குற்றச்சாட்டு.

அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முற்பாதி மட்டும் கெட்டால் போதும்; பிற்பாதியில் அந்தப் பையன் உயிரைக் கொடுத்து ஆடலாம், ஜெயிக்கக்கூடச் செய்யலாம். ஊரார் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். தன்னை யோக்கியன் என்று அவனே நம்பிக்கொள்ள ஒரு பாதி ஆட்டம் மிச்சம் இருக்கிறது.

பாதியாக நறுக்கிய நாணயத்தை எந்த மளிகைக் கடைக்காரரும் வாங்கமாட்டார். இந்தக் கடையில் மட்டும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.