பறையும் நம் வரலாறும்

இசை வேறு, அரசியல் வேறு என்பார் உளர். நம் மக்களைப் பொறுத்தவரை அவ்வாறு பிரித்துரைக்க இயலாது என்பதற்குப் பறையே சான்று.

தொல்காப்பியம் பறையை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் பறையன் என்னும் பெயர் பெருமைக்குரிய குடிகளுள் ஒன்றாக வருகிறது. அப்பெயரே பின்னாளில் இழிசொல்லாயிற்று. ஊரில் சாவு நேர்ந்தால் நம் முன்னோர் பறையடித்தே ஆகவேண்டும். கூலியோ சிறிது தானியம். கலசப்பாக்கத்தைச் சூழ்ந்த செய்யாற்றங்கரை ஊர்களிலும் இதுவே வழக்கம்.

1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் பாட்டுக்கு மேடை கேட்டது நியாயமே. ஆயினும் அவ்வழக்கு பாட்டின் மொழியைப் பற்றியது, பறையைப் பற்றியதன்று.

ஆதலின், பறையைக் கீழே வைப்பதே மானம் எனப் பல ஊர்ப் பெரியோர் துணிந்தனர். இழவுக்கு இனி அடியோம் என்றனர். அதனால் கூலியிழந்த குடும்பங்களை நாம் மறத்தலாகாது.

பின்வந்த இளைஞரோ அக்கருவியையே கையிலெடுத்தனர். 1990களில் தலித் கலைக்குழுக்கள் அதனைப் போராட்ட மேடையில் முழக்கின. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் முழக்கினர். 2025இல் மதுரை வேலு ஆசான் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

விட்டவர் சரியா, எடுத்தவர் சரியா என நம்மிடையே வாதம் எழுவதுண்டு. கட்டாயத்திற்கு அடிப்பது வேறு, விரும்பி இசைப்பது வேறு என்பதே எம் கருத்து. இழவு வீட்டார் நம் தெருவுக்கு மட்டும் ஆளனுப்பும் ஊர்கள் இன்றும் உள. அவ்வழைப்புக்கு முதியோர் அன்று சொன்ன மறுமொழியே பொருந்தும்.