கொரியூ: ஜப்பானின் பழம் போர்க்கலைப் பள்ளிகள்

1868-இல் மெய்ஜி ஆட்சி அமைவதற்கு முன்பே ஜப்பானில் தோன்றி, ஆசான்வழி தொடர்ந்துவரும் போர்க்கலைப் பள்ளிகளுக்குக் கொரியூ என்று பொதுப்பெயர். வாள், ஈட்டி, வில், வெறுங்கைப் பிடி எனச் சாமுராய்கள் பயின்ற கலைகள் இவற்றில் அடங்கும். ஜூடோ, கெண்டோ, அய்கிடோ ஆகியவை இப்பள்ளிகளின் வழித்தோன்றல்கள். கராத்தே ஒகினாவாவில் தனியே வளர்ந்த கலை. இந்த மரபில் அதற்கு இடமில்லை.

இன்றும் நடக்கும் பள்ளிகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று கடோரி ஷிண்டோ ரியூ. 15-ஆம் நூற்றாண்டில் ஈஸாசா இயெனாவோ என்பவர், இன்றைய சிபா மாகாணத்திலுள்ள கடோரி கோயிலைச் சார்ந்து இதைத் தோற்றுவித்தார். தலைமை இன்றும் அவர் குடும்பத்திலேயே இருக்கிறது. வாளும் ஈட்டியும் மட்டுமல்ல, கோட்டை அமைக்கும் முறைகூட இதன் பாடத்தில் உண்டு. சேரும் மாணவர் கற்றதை வெளியாருக்குக் காட்டுவதில்லை, அனுமதியின்றிப் பிற பள்ளியாரோடு மோதுவதில்லை என்று உறுதிகூறி, விரலைக் கீறி இரத்தத்தால் ஒப்பமிடுவது வழக்கம். 1960-இல் சிபா மாகாணம் இப்பள்ளியைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. வெறுங்கைக் கலையில் இதுபோல் மூத்தது, 1532-இல் தொடங்கிய தகெனோஉச்சி ரியூ.

இப்பள்ளிகளின் உயிர், வகுத்த அசைவுகளின் தொடரான கட்டாவில் இருக்கிறது. தனியொருவர் காற்றில் செய்யும் கட்டாவையே பலரும் பார்த்திருப்பார்கள். கொரியூவில் பெரும்பாலும் இருவர் மரவாளோடு எதிரெதிரே நிற்கிறார்கள். யார் எப்போது வெட்டுவது, யார் எப்படி விலகுவது என்பதெல்லாம் முன்பே வகுக்கப்பட்டவை. ஆனாலும் இதை நடனம் என்று ஒதுக்குவது பெரும் பிழை. பல வாள் பள்ளிகளில் தோற்கும் பக்கத்தை ஏற்பவர் மூத்தவரே. மாணவர் தாங்கக்கூடிய எல்லைவரை வேகத்தையும் நெருக்கத்தையும் கூட்டிக்கொண்டே போய், தாம் வெட்டுப்படும் இடத்தில் நின்று அவர் கற்பிக்கிறார். ஒரு விரற்கடை பிசகினாலும் மரவாள் எலும்பை முறித்துவிடும். ஏட்டில் எழுதிவைக்க முடியாத பாடம் இது. அதனால்தான் வாரிசின்றி ஓர் ஆசான் மறைந்தால், பாடம் எழுதிய சுருள்கள் எஞ்சினாலும் பள்ளி அத்தோடு அழிந்துபோகிறது.

மெய்ஜிக்கு முந்தைய தோகுகாவா ஆட்சியின் நீண்ட அமைதியில் போர்க்களம் இல்லாமல் போக, பள்ளிகள் பெருகின. 18-ஆம் நூற்றாண்டில் சில வாள் பள்ளிகள் மூங்கில் வாளும் காப்புக் கவசமும் கொண்டு முழு வேகத்தில் மோதிப் பழகின. கெண்டோவின் வேர் இது. மெய்ஜி ஆட்சியில், 1876-இல் பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்தது. அதற்கு முன்பே பிழைப்பிழந்து நின்ற ஆசான்களுக்காக, 1873-இல் வாள் ஆசான் சகாகிபாரா கென்கிச்சி கட்டணம் வைத்து வாட்போர்க் காட்சிகளை நடத்தினார். இழிவென்று அன்று பலர் முகம் சுளித்தாலும், கலை பிழைத்ததில் அவருக்குப் பங்குண்டு.

ஜிகோரோ கானோ வேறு வழி கண்டார். தென்ஜின் ஷின்யோ ரியூ, கிட்டோ ரியூ என்னும் இரு ஜூஜுட்சு (வெறுங்கைப் பிடிக்கலை) பள்ளிகளில் பயின்ற அவர், 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த கூடத்தில் கோடோகான் என்னும் தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். உயிருக்கு ஆபத்தான அடிகளைப் பயிற்சி மோதலிலிருந்து விலக்கிக் கட்டாவில் மட்டும் வைத்ததால், மாணவர்கள் அஞ்சாமல் முழு பலத்தோடு மோத முடிந்தது. பழையதை அவர் தூக்கி எறியவில்லை. கோஷிகி நோ கட்டாவாக கிட்டோ ரியூவின் வடிவங்கள் ஜூடோவுக்குள் இன்றும் வாழ்கின்றன. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது.

அய்கிடோவின் மூலம் தைத்தோ ரியூ என்னும் ஜூஜுட்சு பள்ளி. அதைத் தகேதா சோகாகுவிடம் கற்ற மொரிஹெய் உயேஷிபா (1883–1969), எதிராளியின் விசையையே திருப்பிவிடும் தம் முறையை உருவாக்கினார். பெரும்பாலான அய்கிடோ கூடங்களில் போட்டியே கிடையாது.

பழையதும் புதியதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை ஜோடோ என்னும் தடிக்கலையில் காணலாம். ஃபுகுவோகாவின் ஷிண்டோ முசோ ரியூ, வாளைத் தடியால் எதிர்க்கும் பள்ளி. அதன் அடிப்படையில் 1968-இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு பன்னிரண்டு கட்டாக்களை வகுத்தது. அவற்றில் தொடங்குவோர் பலர், பிறகு மூலப் பள்ளியின் பாடங்களைத் தேடிச் செல்கிறார்கள்.