பூந்தமல்லிச் சாலையும் பெண்களின் போதை மீட்பும்

சென்னை நகரின் நடுவிலிருந்து கீழ்ப்பாக்கம், கோயம்பேடு வழியாகப் பூந்தமல்லியை அடைந்து, பின் திருமழிசையைக் கடந்து பெங்களூரை நோக்கி நீளும் சாலையின் நகரப் பகுதிக்கு இன்று ஈ.வெ.ரா. பெரியாரின் பெயர் வழங்குகிறது. 1921இல் ஈரோட்டில் அவர் நடத்திய கள்ளுக்கடை மறியலை, அவர் சிறை சென்றபின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினர். தமிழ்நாட்டின் மதுவிலக்கு வரலாற்றில் பெண்கள் இடம்பெற்ற முதன்மையான நிகழ்வு இதுவே எனலாம். ஆயினும் அந்த மறியலிலும், 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்கிலும் பெண் என்பவள் குடிகாரனின் மனைவியாக, தாயாக, அவனால் துன்புறுபவளாக மட்டுமே எண்ணப்பட்டாள். அவளே போதைநோய்க்கு ஆளாகக் கூடும் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

மருத்துவமும் அந்தப் பார்வையையே பின்பற்றியது. சென்னையின் மனநலக் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. அக்காலக் காப்பகங்களில் போதை என்பது பைத்தியத்திற்கான காரணங்களுள் ஒன்றாகவே பதிவேட்டில் இடம்பெற்றது. கஞ்சாவைக் காரணமாகக் காட்டிய அத்தகைய பதிவுகள் பலவும் நம்பத்தக்கவை அல்ல என்று 1893–94இல் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா ஆணையமே கண்டறிந்தது. குடிநோயைத் தனி நோயாகக் கருதி முறையான மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கும் முயற்சி, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கியதோடு வேரூன்றியது. நோயாளியின் குடும்பத்திற்கும் சிகிச்சை தேவை என்று அது வலியுறுத்தியது பெரும் முன்னேற்றம். என்றாலும் அங்கும் பெண் பெரும்பாலும் மனைவி என்ற நிலையிலேயே வாசலைத் தாண்டினாள்.

2019இல் வெளியான தேசிய ஆய்வு, மது அருந்துவோர் ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு எனக் கணக்கிட்டது. இந்தச் சிறிய எண்ணைக் கொண்டு சிக்கலும் சிறியது என முடிவு செய்வது பெரும் பிழை. வெட்கத்தால் மறைக்கப்படும் நோய் கணக்கெடுப்பில் முழுமையாக வெளிப்படுவதில்லை. மேலும், பழக்கம் தொடங்கியதிலிருந்து அடிமைநிலையை எட்டும் காலம் பெண்களுக்குக் குறுகியதாக இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

இந்த நோயிலிருந்து மீள்வதற்கு உடற்பயிற்சியும் துணைசெய்யும். போதைப்பொருள் மூளையில் செய்வது என்ன என்பதை அறிந்தால்தான் அதன் பங்கு விளங்கும். இன்ப உணர்வோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளைப் போதை அளவுமீறிச் சுரக்கச் செய்வதால், அதை ஏற்கும் நரம்பணுப் பகுதிகளாகிய ஏற்பிகள் காலப்போக்கில் குறைகின்றன. அதனால் உணவும் உறவும் தரும் இயல்பான மகிழ்ச்சி மங்கி, வேட்கை மட்டும் எஞ்சுகிறது. மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டோர் எட்டு வாரம் நடையும் ஓட்டமும் எடைப்பயிற்சியும் செய்தபின், அவர்களின் மூளையில் இந்த ஏற்பிகளின் அளவு கூடியதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2016இல் காட்டியது. பங்கேற்றோர் பத்தொன்பது பேர். அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள். மறியல் காலத்திலிருந்து தொடரும் அதே விடுபடல் இங்கும் நேர்ந்திருப்பது வேதனைக்குரியது. ஏனெனில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் இயக்குநீர் டோபமைன் வெளிப்பாட்டைக் கூட்டுவதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்க, ஆண்களிடம் கண்ட முடிவைப் பெண்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

பெண்களையே முன்வைத்த ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவின் மறுவாழ்வு மையங்களிலிருந்து வந்தன. ஹெராயினிலிருந்து மீண்டுவந்த பெண்களிடையே ஆறு மாதம் யோகப் பயிற்சி அளித்த ஆய்வு ஒன்று, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டதை 2013இல் தெரிவித்தது. நம் நாட்டில் பிறந்த பயிற்சி நம் பெண்களுக்கு எட்டுமுன் ஹெராயின் வலையில் சிக்கிய அயல்நாட்டுப் பெண்களுக்குத் துணைநின்றது எண்ணிப்பார்க்கத்தக்கது.

திருமழிசையாழ்வார் அவதரித்த தலமாகவும், இன்று தொழிற்பேட்டையாகவும் அறியப்படும் திருமழிசை போன்ற ஊர்களில், நெல் குத்தியும் நீர் சுமந்தும் நாள் முழுதும் உழைத்த பெண்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி பழையது. கட்டாயத்தின் பேரில் பிறருக்காகச் செய்யும் உழைப்பு வேறு, தன் உடலுக்கென ஒருத்தி தானே ஒதுக்கும் ஒரு மணிநேரம் வேறு; முன்னது அவளைக் களைப்பிலேயே விட்டுச்செல்கிறது. மருந்தையும் உளவியல் ஆலோசனையையும் உடற்பயிற்சி விலக்கிவிடாது. அவற்றோடு சேர்ந்தே அது பயன் தரும். ஆகவே, இச்சாலையோர ஊர்களில் மறுவாழ்வுப் பணி செய்வோர், பெண்கள் கேலிக்கும் வெட்கத்திற்கும் அஞ்சாமல் நடந்து பழகுவதற்கு மதில் சூழ்ந்த ஒரு திடலையும், அவர்களுக்கென ஒரு பெண் பயிற்சியாளரையும் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும்.