ஒளிப்படப் பயன்பாட்டு வகைகள்

தொழில்முறையில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் எங்கே, எதற்காக, எவ்வளவு காலம் வெளியாகிறது என்பதை வைத்துச் செய்யப்படும் பாகுபாடு ஒளிப்படப் பயன்பாட்டு வகைகள் எனப்படும். தனிப்பயன், செய்திப் பயன், வணிகப் பயன் என மூன்று பெரும்பிரிவுகள் உண்டு. படத்துக்குள் இருப்பதை வைத்து வகை அமைவதில்லை. படம் போய்ச் சேரும் இடத்தை வைத்தே அமைகிறது. தேனி மாவட்டத்தில் போடி எனப்படும் போடிநாயக்கனூரும் அதை ஒட்டிய சிலமலை, குரங்கணி, போடிமெட்டுச் சரிவுகளும் மூன்றுக்கும் சான்று தருகின்றன. கல்யாண ஸ்டுடியோவும் மலைச் செய்தியும் ஏலக்காய் வியாபாரமும் அங்கே ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி ஒளிப்படம் ஒரு கலைப்படைப்பு. எடுத்தவரே அதன் ஆசிரியர். உரிமை கிடைப்பதற்குப் பதிவு கட்டாயமில்லை. வெளியானதிலிருந்து 60 ஆண்டு என்றிருந்த பாதுகாப்புக் காலம், 2012 திருத்தத்துக்குப் பின் எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் என்றானது.

தனிப்பயன்

கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் இதில் அடங்கும். ஆசிரியர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர் என்றாகும் இடமும் இதுதான். சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணத்துக்கு எடுக்கப்பட்ட ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. மாறாக ஒப்பந்தம் இருந்தால்தான் நிலைமை மாறும். ஆகவே கல்யாணப் படங்களின் பதிப்புரிமை ஏற்பாடு செய்த வீட்டாருக்குச் சேரும். மணப்பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டுவதும், இன்ஸ்டாகிராமில் ஸ்டுடியோ பெயரோடு போடுவதும் தனிப்பயனைத் தாண்டிய விளம்பரப் பயன். அதற்கு வீட்டாரின் ஒப்புதல் வேண்டும். அட்வான்ஸ் ரசீதிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது. பெரும்பாலும் அந்த வரி இருப்பதில்லை.

பிரிட்டன் தன் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைத் திருப்பி, உரிமையைப் படம் எடுத்தவரிடமே விட்டது. இந்தியா பழைய முறையிலேயே நிற்கிறது. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு ஒப்பந்த மாதிரியை அப்படியே நகலெடுப்பவர்கள் இடறுவது இங்கேதான்.

செய்திப் பயன்

நாளிதழ், வார இதழ், ஆவணப்படம் போன்றவற்றில் ஒரு நடப்பைத் தெரிவிக்கவோ விளக்கவோ படம் வெளியாவது செய்திப் பயன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் பலர் இறந்தனர். மீட்புப் படங்கள் நாடெங்கும் வெளியாயின. படத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியாது, செய்திக்கு அது தேவையுமில்லை. அதே படத்தை மலையேற்றக் காலணி விளம்பரத்தில் போட்டால் வகை மாறிவிடும்.

பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்தப் பணியில் எடுத்த படத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகை முதலாளிக்கு உரியது. மற்ற உரிமைகள் எடுத்தவரிடமே இருக்கும். நாட்காட்டிக்கோ டப்பா லேபிளுக்கோ அந்தப் படம் போக வேண்டுமானால் அவரைக் கேட்க வேண்டும்.

வணிகப் பயன்

விளம்பரம், லேபிள், கையேடு, நிறுவன இணையதளம் முதலியவற்றில் பொருளையோ சேவையையோ விற்கப் படம் உதவுவது வணிகப் பயன். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்-ஏல மையம் இருப்பதால் ஊரெங்கும் காய் தரம் பிரிக்கும் கிட்டங்கிகள் உண்டு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காம்பும் சருகும் நீக்கி, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் ஒதுக்குவார்கள்; சல்லடை 7 எம்.எம்., 8 எம்.எம். என்று அளவு பிரிக்கும். பச்சைக் குவியலுக்கு நடுவே வேகமாக ஓடும் விரல்கள் எந்தப் படக்காரரையும் இழுக்கும். இதழ்க் கட்டுரைக்கு அந்தப் படம் செய்திப் பயன். ஏலக்காய் டப்பாவில் அந்தப் பெண்ணின் முகம் ஏறினால் வணிகப் பயன். அப்போது பதிப்புரிமை மட்டும் போதாது. அவருடைய எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும். கூலியோடு சேர்த்துப் படத்துக்கும் காசு கொடுப்பதே முறை. சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து.

ஒப்புதல் ஏன் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே வழிகாட்டி. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதற்கு எடுத்துக்காட்டு என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்றும் கூறியது. 2015-இல் சென்னை உயர்நீதிமன்றம், ரஜினிகாந்தின் பெயரையும் உருவத்தையும் பாணியையும் ஓர் இந்திப் படம் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுத்தது. இதில் பிரபலங்களுக்கு வக்கீல் கிடைத்துவிடுகிறார். காய் பொறுக்குபவருக்கு அந்த எழுத்துமூல ஒப்புதல்தான் காவல்.

உரிம முறைகள்

படவங்கிகள் விற்கும் ‘ராயல்டி-ஃப்ரீ’ உரிமத்தை இலவசம் என்று எண்ணுபவர் உண்டு. ஒருமுறை பணம் கட்டினால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். அதற்கும் வரம்பு இருக்கும். ஷட்டர்ஸ்டாக்கின் சாதாரண உரிமத்தில் அச்சுப்பிரதி 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ‘செய்திப் பயனுக்கு மட்டும்’ என்று குறியிட்ட படத்தை விளம்பரத்தில் போடவே முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில வணிகத்தை அனுமதிக்கும், சில தடுக்கும். ஆனால் அவை படம் எடுத்தவரின் உரிமையை மட்டுமே பேசுகின்றன. படத்தில் இருப்பவரின் சம்மதம் அவற்றில் அடங்காது. 2007-இல் வர்ஜின் மொபைல் ஆஸ்திரேலியா, ஃபிளிக்கரில் அத்தகைய உரிமத்தோடு இருந்த ஓர் அமெரிக்கச் சிறுமியின் படத்தை விளம்பரப் பலகையில் ஏற்றி வழக்கைச் சந்தித்தது.

ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தை ஒளிப்படக்காரரிடமிருந்து உரிமமாக வாங்கும்போது, அது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். போடி ஏலக்காய் சவூதிக்கும் துபாய்க்கும் போகும் சரக்கு என்பதால், ஏற்றுமதிப் பெட்டிக்குப் படம் வாங்குபவர் நாடுகளின் பெயரையும் ஆண்டுக் கணக்கையும் உரிமத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.