போடி மலையின் கரும்பச்சைக் கல்

தேனி மாவட்டப் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டபோது போடி மேற்கு மலையைத் தேர்ந்தெடுக்க வைத்தது அதன் பாறைதான். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத கனம், பெரிய குகை குடைந்தாலும் தாங்கும் உறுதி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் மக்கள் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் நின்றுபோனது. கதிர்வீச்சு, நிலத்தடி நீர், காடு என்று நியாயமான கேள்விகள் பல எழுந்தன. அந்தப் பாறை எப்படிப் பிறந்தது என்பது மட்டும் அதிகம் பேசப்படவில்லை.

அதன் பெயர் சார்னோக்கைட். புதிதாக உடைத்த முகத்தில் கரும்பச்சை நிறமும், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கமும் தெரியும். 1893-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து அதற்கு இந்தப் பெயரை வைத்தார். கல் சென்னைப் பல்லாவரம் பக்கத்தைச் சேர்ந்தது. ஆக, உலகப் பாறையியல் நூல்களில் உள்ள இந்தப் பாறையின் மூலமாதிரி தமிழ்நாட்டுக் கல்!

இது கிரானைட் குடும்பம்தான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வழக்கமான கிரானைட்டில் உள்ள பயோட்டைட் என்ற கனிமம், தன் படிக அமைப்பிலேயே நீரைப் பிடித்து வைத்திருக்கும். சார்னோக்கைட்டில் இருக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தில் நீர் கிடையாது. அந்த நீர் எங்கே போனது என்ற கேள்வி அறிஞர்களை ஒரு நூற்றாண்டு அலைக்கழித்தது.

பாறைக்குழம்பு உறைந்து உருவானதே என்றார் ஹாலண்ட். 1960-இல் மைசூர்ப் புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து மறுபக்கத்தைக் காட்டினார். கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறையின் வரிகளை ஊடறுத்துக் கரும்பச்சைத் திட்டுகள் பரவியிருந்தன. திடமாக இருந்த பாறையே சார்னோக்கைட்டாக மாறியதற்கு அது நேரடிச் சாட்சி. கரியமில வாயு மிகுந்த பாய்மம் ஊடுருவியதால் நீரின் பங்கு குறைந்து இந்த மாற்றம் நடந்தது என்று 1979-இல் ஜனார்தன், நியூட்டன், ஸ்மித் மூவரும் விளக்கினார்கள். இன்று இரண்டு வழியும் ஏற்கப்படுகின்றன. ஏலமலை போன்ற பெருந்திரள்களுக்குக் குழம்பு வழியும், சிறு திட்டுகளுக்குப் பாய்ம வழியும் பொருந்துகின்றன.

காலத்தைச் சொல்வது சிர்கான். மணலளவே இருக்கும் இந்தப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. எனவே உள்ளே இருக்கும் ஈயத்துக்கும் யுரேனியத்துக்கும் உள்ள விகிதமே வயதுக் கணக்கு. கொடைக்கானல் பக்கத்துச் சார்னோக்கைட் சிர்கான்களின் உள்கரு சுமார் 250 கோடி ஆண்டு பழையது. அதைச் சுற்றிப் படிந்த விளிம்போ சுமார் 55 கோடி ஆண்டுதான். பழைய பாறை இடையில் மறுபடி வெந்திருக்கிறது! எவ்வளவு சூட்டில் என்பதற்குத் தேனி மாவட்டக் கெங்குவார்பட்டியின் சஃபிரின் கனிமம் பதில் தருகிறது: 900 டிகிரி செல்சியசுக்கு மேல்.

அந்தச் சூட்டுக்குக் காரணம் மோதல். மொசாம்பிக் பெருங்கடல் மூடி, இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, ஆப்பிரிக்கா எல்லாம் கோண்டுவானாவாக இணைந்த காலம் அது. மோதலில் மேலோடு தடிக்கும்; அதிலுள்ள கதிரியக்கத் தனிமங்களின் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேரும்; கடைசியில் அடிப்பகுதி உருகும். அதற்கு நாளாகும். எடுத்துக்காட்டாக, இமயத்தில் இந்தியா மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன். அங்குள்ள வெளிர் கிரானைட்டுகளில் பெரும்பாலானவற்றின் வயது 2 கோடி ஆண்டை ஒட்டியே இருக்கிறது.

கடல் மூடிய தையல்கோடு எங்கே என்பதில்தான் இன்றும் சண்டை. 2009-இல் சந்தோஷ், மருயாமா, சாதோ ஆகியோர் அதைப் பாலக்காடு–காவிரிப் பகுதியில் வைத்தார்கள். அதற்கு முன்பே, 2004-இல், கோஷ், டி விட், சார்ட்மன் குழு கரூரிலிருந்து கம்பம், பைனாவு வழியாகத் திருச்சூர் வரை ஒரு பெயர்வு மண்டலத்தை வரைந்திருந்தது. போடிக்காரர்களுக்குக் கம்பம் பக்கத்து ஊர். பின்னால் வந்த ஐசோடோப் ஆய்வுகளும், இந்தப் பகுதி அடங்கிய மதுரை நிலத்திட்டு ஒரே துண்டு அல்ல என்கின்றன: வடமேற்கில் 250 கோடி ஆண்டுப் பழைய மேலோடு, தென்கிழக்கில் அதைவிட இளையது. இவை மோதலில் ஒட்டிய இரு நிலங்களா, ஒரே நிலத்தின் இரு வயதுப் பகுதிகளா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.