இரும்பை நம்பியவர்களும் சொல்லை நம்பியவர்களும்

விழுப்புரத்திலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே போனால் உளுந்தூர்பேட்டை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஓடுதளத்தை உயிர்ப்பிக்கப் போவதாக அவ்வப்போது ஒரு பேச்சு எழும், பிறகு அடங்கும். ஆகவே எங்கள் பக்கத்தில் ஒரு விமானம் இன்னொன்றை இடித்துவிடும் என்ற கவலைக்கு இடமில்லை. ஆனால் கனத்த ஊர்திகள் ஒன்றையொன்று இடிக்காமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு மனிதர்கள் கண்ட விடைகளில் ஒன்றை, திண்டிவனத்துக்காரனான நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த இடம் விழுப்புரம் சந்திப்பு.

சென்னை, விருத்தாசலம் வழியே திருச்சி, கடலூர் வழியே மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியே காட்பாடி, 1879-இலேயே போடப்பட்ட புதுச்சேரிக் கிளை என ஐந்து திசைகளுக்குத் தடங்கள் பிரியும் நிலையம் அது. மீட்டர்கேஜ் நாட்களில் ஒற்றைத் தடங்களில் வண்டி போவதற்கு டோக்கன் முறை இருந்தது. பிரம்பு வளையம் ஒன்றில் கட்டிய தோல்பையை நிலைய ஊழியர் உயர்த்திப் பிடிக்க, ஓடும் எஞ்சினிலிருந்து கை நீண்டு அதைப் பற்றிக்கொள்ளும். பைக்குள் இருப்பது ஓர் இரும்பு உருண்டை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஓர் உருண்டை வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பும் வரை இன்னொன்று வெளிவராது. உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். நிலைய அதிபர் நல்லவரா, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா என்பதெல்லாம் அந்த இரும்புக்குத் தெரியாது. 1856-இல் ஜான் சாக்ஸ்பி இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இன்டர்லாக்கிங் அமைப்பின் தத்துவமும் இதுதான்: பாதை தவறாக இருந்தால் கைகாட்டி இறங்காது.

விமான நிலையங்கள் வேறு வழியில் வளர்ந்தன. வானத்தில் தண்டவாளம் கிடையாது. அந்தப் பழக்கம் தரைக்கும் வந்தது போலும். ஓடுபாதையிலும், அதை ஒட்டிய டாக்ஸிவே என்னும் துணைப் பாதைகளிலும், நிறுத்துமிடத்திலும் விமானங்களைப் பிரித்து வைத்தது பெரும்பாலும் கோபுரத்திலிருந்து வந்த குரல்தான். எனவே தரை மோதல்களின் வரலாறு பெருமளவுக்குச் சொற்களின் வரலாறாக இருக்கிறது.

1977 மார்ச் 27. கனாரித் தீவுகளில் உள்ள டெனெரிஃபின் லோஸ் ரோடியோஸ் நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பப்பட்டு, துணைப் பாதையையே அடைத்துக்கொண்டு நின்றன. புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்துபோய்த் திரும்பி வரவேண்டிய நிலை. மூடுபனி வேறு. கே.எல்.எம். நிறுவனத்தின் 747 ஒரு முனையில் திரும்பி நின்றது. பான் ஆம் 747 அதே ஓடுபாதையில் அதன் பின்னே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மூன்றாவது கிளையில் விலகும்படி சொல்லப்பட்ட பான் ஆம், அதைக் கடந்து நான்காவதை நோக்கிப் போயிற்று. அப்போது கே.எல்.எம். துணை விமானி, தாங்கள் புறப்பாட்டில் இருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் புரிந்துகொண்டது. அவர்களோ ஓடத் தொடங்கியிருந்தார்கள். டச்சு மொழியின் வினையமைப்பு அவருடைய ஆங்கிலத்தில் நிழலாக விழுந்திருக்கலாம் என்று, இத்தகைய மொழிப் பிசகுகளைப் பற்றியே 1994-இல் நூல் எழுதிய ஸ்டீவன் குஷிங் விளக்குகிறார். கோபுரம் 'ஓகே' என்றது. காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றும் தொடர்ந்தது. அதே நொடியில் பான் ஆம், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக அறிவித்தது. இரண்டு குரல்களும் ஒன்றன்மீது ஒன்று ஏறி வெறும் கீச்சொலியாயின. கே.எல்.எம். காதில் தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டும். அந்த விமானி அறையில் பொறியாளர் ஒருவர், பான் ஆம் விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். அனுபவம் மிக்க தலைமை விமானி அவரை அழுத்தமான ஒரு பதிலால் அடக்கினார். 583 பேர் இறந்தார்கள். அதன்பிறகு புறப்பாடு என்ற சொல்லை, உண்மையில் புறப்பட அனுமதி தரும்போதன்றி வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது என்று விதி வந்தது. ஒரு சொல்லுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் லினாத்தே நிலையத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. மூடுபனியில் வழிதவறிய சிறு செஸ்னா விமானம், தான் எஸ்4 என்னும் குறியை எட்டிவிட்டதாகச் சொன்னது. தரையில் அந்தக் குறி வரையப்பட்டிருந்தது. கோபுரத்தில் இருந்தவரிடம் இருந்த வரைபடத்தில் அது இல்லை. தரையைக் காட்டும் ராடாரும் அன்று இயங்கவில்லை. செஸ்னா ஓடுபாதைக்குள் நுழைந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்.ஏ.எஸ். விமானத்தின் முன் வந்துவிட்டது. மாண்ட 118 பேரில் நால்வர் எந்த விமானத்திலும் இல்லை. விமானம் போய் மோதிய கட்டடத்தில் பயணிகளின் பெட்டிகளைக் கையாண்டுகொண்டிருந்தவர்கள்.

இந்த நால்வரைப் போன்றவர்கள்தான் என்னைத் தொந்தரவு செய்கிறார்கள். 1994 மார்ச் 8 அன்று டெல்லியில் பயிற்சியில் இருந்த சஹாரா நிறுவனத்தின் போயிங் 737 விழுந்து, நிறுத்தப்பட்டிருந்த ரஷ்ய ஏரோஃப்ளோட் விமானத்தில் மோதியது. சஹாராவில் இருந்த நால்வரோடு, நின்ற விமானத்திலும் தரையிலும் இருந்தவர்களும் இறந்தார்கள். 2015 டிசம்பரில் மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்று புறப்பாட்டுக்கு ஆயத்தமானபோது அருகில் நின்ற தொழில்நுட்பப் பணியாளர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு மாண்டார். பறப்பதன் ஆபத்தைப் பறக்காதவர்களும் சுமக்கிறார்கள்.

நிறுத்துமிடத்து மோதல்கள் பெரும்பாலும் உயிர் வாங்குவதில்லை. ஆனால் அவற்றில் சொல்லோடு கண்ணும் பிசகுகிறது. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச்செல்லும் வண்டி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: எஞ்சின் ஒரு வட்டத்தில் திரும்ப, பின்னால் துருத்தும் கரும்பு நுனி அதைவிட அகன்ற வட்டத்தில் வீசும். பின்னோக்கிச் சாய்ந்த விமான இறக்கையும் அப்படித்தான். நேராக ஓடும்போது போதுமாக இருந்த இடைவெளி திரும்பும்போது போதாமல் போகும். பல பெரிய விமானங்களில் தன் இறக்கை நுனியை விமானி தன் இருக்கையிலிருந்து பார்க்கவே முடியாது. 2011 ஏப்ரலில் நியூயார்க்கில், ஏறக்குறைய 80 மீட்டர் இறக்கை விரிவுள்ள ஏ380 ஒன்று, சிறு விமானம் ஒன்றின் வாலைத் தட்டி அதைச் சுழற்றிவிட்டது. மறு ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பெரிய விமானங்களின் இறக்கை நுனிக்குக் கேமரா போன்ற ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதற்குப் பெரிய மேதைமை தேவையில்லை. லாரிக்குப் பின்னால் நின்று 'வரலாம், வரலாம்' என்று தட்டும் கிளீனர் பையன் செய்வதும் இதையே.

நமக்கு நெருக்கமான நிகழ்ச்சி, 2024-இல் கொல்கத்தாவில் நடந்தது. சென்னைக்குப் புறப்பட ஓடுபாதையருகே காத்திருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை, தர்பங்கா செல்லவிருந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை நுனி உரசியது. உடைந்த துண்டு பாதையில் கிடந்தது. யாருக்கும் காயமில்லை. இண்டிகோ விமானிகள் இருவரும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். நாள் மார்ச் 27. டெனெரிஃபுக்குச் சரியாக 47 ஆண்டுகள்.

இரும்பும் பொய்க்கும் என்பதை மறைத்துவிட்டு நான் ரயில்வேயின் பெருமை பாடக் கூடாது. 2023 ஜூன் 2 அன்று பாலாசோர் அருகே, பழுதுபார்ப்பின்போது கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டதால், பச்சை விளக்கு காட்டப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு வண்டி நின்ற கிளைத் தடத்துக்குள் பாய்ந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னைக்கு வரும் வண்டி அது.

விமான நிலையங்கள் இப்போது மெல்ல இரும்பின் பக்கம் வருகின்றன: தரை ராடார், ஓடுபாதை வாயிலில் குறுக்கே எரியும் சிவப்பு விளக்கு வரிசை. ஆனாலும் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு காத்திருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்குக் கோபுரம் 'நம்பர் ஒன்' என்றது. புறப்படும் வரிசையில் முதலிடம் என்பதே பொருள். அதை அனுமதி என்று கொண்டு அது ஓடுபாதையில் போய் நின்றது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதியது. பெரிய விமானத்தின் 379 பேரும் தப்பினார்கள். சிறியதில் இருந்த அறுவரில் ஐவர் இறந்தார்கள். வரிசை எண் சொல்லும் வழக்கத்தை ஜப்பான் உடனே நிறுத்தியது. அது இல்லாமல் வேலை நடத்துவது கடினமாயிற்று போலும். அதே ஆண்டிலேயே அந்தச் சொல் கோபுரங்களுக்குத் திரும்பிவிட்டது.